மஞ்சப்பையும் கூட்டு மருந்தும்

(புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் கூட்டு மருந்துகளைப் பற்றி, நாகர்கோவிலில் மூத்த குடிமக்கள் முன் ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரங்கில் ஓரத்து நாற்காலிகள்தான் முதலில் நிரம்பின. காரணத்தை யாரும் சொல்ல வேண்டாம், எனக்கும் வயதாகிவிட்டது. வடசேரியில் பஸ் ஏறும் முன்பே கழிப்பறைக்கு ஒரு நடை போய்வருகிற வயது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்த ஆய்வுகளில், ஐம்பதுகளில் இருந்த ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருக்கத் தொடங்கியிருந்தது. எண்பதைத் தாண்டியவர்களில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு அது பெருத்திருந்தது. எல்லோருக்கும் தொல்லை கொடுப்பதில்லை. கொடுக்கும்போதுதான் மாத்திரை தேவைப்படுகிறது.

நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்று வேலை பார்த்தவன். அந்த ஜன்னலில் நிற்பவனுக்கு ஒரு வசதி உண்டு. யூராலஜி டாக்டர் புராஸ்டேட்டைப் பார்ப்பார், இருதய டாக்டர் இருதயத்தைப் பார்ப்பார். எங்களிடம் மட்டும் நீங்கள் மஞ்சப்பையை அப்படியே கவிழ்ப்பீர்கள். புராஸ்டேட்டுக்கு 'கூட்டு மருந்து' என்றால் ஒரே குப்பிக்குள், அதாவது ஒரே கேப்சூலுக்குள், இரண்டு மருந்து என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் ஆபத்து பெரும்பாலும் அந்தக் குப்பிக்கு வெளியே, அதே பையில் கிடக்கும் மற்ற அட்டைகளில் இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

முதலில் உறுப்பு. சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே புராஸ்டேட் இருக்கிறது. இளவயதில் அதன் எடை சுமார் 20 கிராம். சிறுநீர்க் குழாய் அதன் நடுவே துளைத்துக்கொண்டு வருகிறது. நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குக் குளத்தையும் மடையையும் சொன்னால் போதும். சிறுநீர்ப்பை குளம், புராஸ்டேட் சூழ்ந்த பாதை மடை. தண்ணீர் சரியாக வராததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். மடைப் பலகை இறுகிக்கொண்டிருக்கலாம், அல்லது மடைவாயில் மண் மேடிட்டிருக்கலாம். புராஸ்டேட்டில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். அங்குள்ள தசை இறுகும், சுரப்பியும் பருக்கும்.

அதனால்தான் இரண்டு வகை மருந்து. தசையைத் தளர்த்துவது ஆல்ஃபா பிளாக்கர். டாம்சுலோசின், ஆல்ஃபுசோசின், சைலோடோசின் எல்லாம் இந்த வகை. சில நாளிலிருந்து ஓரிரு வாரத்துக்குள் குணம் தெரியும், ஆனால் சுரப்பியின் அளவு அப்படியே இருக்கும். இரண்டாவது வகை ஃபினாஸ்டரைடு, டியூட்டாஸ்டரைடு. இவை டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறுவதைத் தடுக்கின்றன. சுரப்பியை வளர்ப்பது அந்த மாறிய ஹார்மோன்தான். அது குறைந்தால் சுரப்பி ஏறக்குறைய கால் பங்கு சுருங்கும். ஆனால் பலன் தெரிய ஆறு மாதமாகும். ஒன்று வாரக்கணக்கு, மற்றது மாதக்கணக்கு. இந்த வித்தியாசம் தெரியாமல், 'ரெண்டு மாசமா முழுங்குகேன், ஒண்ணும் பிரயோஜனமில்ல' என்று பாதியில் விட்டவர்கள் நிறைய.

இந்த மருந்துகள் வந்து அதிக காலம் ஆகவில்லை. நமது மாவட்டத்தில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி 1838இல் தொடங்கியது. எவரெஸ்ட் ஏறப் போன சர்ஜன் சோமர்வெல் 1920களில் அங்கே வந்து சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். அவர் இருந்த காலம் முழுக்க, உலகின் எந்த ஆஸ்பத்திரியிலும் இதற்குச் சரியான மாத்திரை கிடையாது. நீர் அடைத்தால் குழாய், இல்லையென்றால் கத்தி. 1970களில் ஜெருசலேமில் மார்க்கோ கேய்ன் என்ற மருத்துவர், புராஸ்டேட்டின் தசையை நரம்புச் செய்தி ஒன்று இறுக்கி வைத்திருக்கிறது, அதை மருந்தால் தடுக்கலாம் என்று காட்டினார். ஆல்ஃபா பிளாக்கர் அங்கிருந்து வந்தது.

இரண்டாவது மருந்தின் கதை கரீபியன் கடலில் டொமினிக்கன் குடியரசில் சலினாஸ் என்ற கிராமத்தில் தொடங்குகிறது. அங்கே சில குழந்தைகள் பெண் என்று வளர்க்கப்பட்டு, பருவ வயதில் ஆணாக மாறினார்கள். ஜூலியான் இம்பெராடோ-மக்கின்லி என்ற மருத்துவர் 1974இல் அதன் காரணத்தை எழுதினார். டெஸ்டோஸ்டிரோனை மாற்றும் ஒரு நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுடைய புராஸ்டேட் வயதானாலும் சிறியதாகவே இருந்தது. அந்த நொதியை மருந்தால் தடுத்தால் என்ன என்று மெர்க் நிறுவனம் யோசித்தது. ஃபினாஸ்டரைடுக்கு 1992இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தக் கதையைப் பொழுதுபோக்குக்குச் சொல்லவில்லை. ஆண் சிசு வயிற்றில் உருவாகும்போது அந்த ஹார்மோன் எவ்வளவு முக்கியம் என்பதும் இதே கதைக்குள் இருக்கிறது. கர்ப்பிணிகளைப் பற்றிப் பேசும்போது அது உதவும்.

சரி, ஒன்று போதுமா, இரண்டும் வேண்டுமா? அமெரிக்காவில் 3,047 ஆண்களை வைத்து நடந்த 'எம்டாப்ஸ்' ஆய்வின் முடிவு 2003இல் வந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நான்கு வருஷத்தில் 100க்கு 17 பேருக்கு நோய் முற்றியது. டாக்ஸசோசின் என்ற ஆல்ஃபா பிளாக்கர் மட்டும் சாப்பிட்டவர்களில் 10 பேர். ஃபினாஸ்டரைடு மட்டும் சாப்பிட்டவர்களிலும் 10 பேர். இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 5 பேர். அடுத்து 'காம்பாட்' என்ற ஆய்வில் 4,844 பேர் நான்கு வருஷம் பின்தொடரப்பட்டார்கள். நீர் முழுதாக அடைத்துக்கொள்வது அல்லது ஆபரேஷன் வரை போவது, டாம்சுலோசின் மட்டும் எடுத்தவர்களில் 11.9 விழுக்காடு, டியூட்டாஸ்டரைடு மட்டும் எடுத்தவர்களில் 5.2, இரண்டும் எடுத்தவர்களில் 4.2.

இந்த எண்களை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். கூட்டு மருந்து நிச்சயம் வேலை செய்கிறது. அதே சமயம், வெற்று மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் 83 பேருக்கு நான்கு வருஷத்தில் நோய் முற்றவில்லை. அப்படியானால் எல்லோருக்கும் இரண்டு மருந்து தேவையில்லை. காம்பாட் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோருமே 50 வயது நிரம்பியவர்கள், சுரப்பி 30 மில்லியாவது பருத்தவர்கள். ஸ்கேனில் சுரப்பி சிறியது என்று வந்தவருக்குச் சுருக்கும் மருந்தால் பெரிய லாபம் கிடையாது, பக்க விளைவு மட்டும் மிஞ்சும். டாக்டரிடம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: 'ஸ்கேனில் என் புராஸ்டேட் எத்தனை கிராம்?'

இரண்டாவது கேள்வி: 'ராத்திரி நாலு வட்டம் எழும்புகேனே, இது புராஸ்டேட்தானா?' எல்லா நேரமும் இல்லை. சர்க்கரை கட்டுப்படாவிட்டாலே நீர் அதிகம் போகும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றுகின்றன, அதோடு நீரும் போகும். கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைடு சாப்பிடுகிறவர் அதைச் சாயங்காலம் போட்டால் ராத்திரி தூக்கமில்லை. இப்படிப்பட்டவருக்குப் புராஸ்டேட் மருந்தை ஒன்றுக்கு இரண்டாகக் கூட்டினால் பை கனக்கும், தூக்கம் வராது. யூராலஜி டாக்டர்களிடம் ஏழு கேள்வி கொண்ட ஒரு தாள் உண்டு. மொத்தம் 35 மதிப்பெண். ஏழு வரை லேசு, எட்டிலிருந்து பத்தொன்பது நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. அந்தத் தாளை நிதானமாக நிரப்பிக் கொடுங்கள். மூன்று நாள் எப்போது எவ்வளவு நீர் போனது என்று எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

இனி மெடிக்கல் கடை. நம் நாட்டில் இரண்டு மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் அடைத்து விற்கும் வழக்கம் அதிகம். தேவையில்லாத கலவைகள் பெருகியதால் மத்திய அரசு 2016 மார்ச்சில் 344 கலவைகளைத் தடை செய்தது. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 செப்டம்பரில் 328 கலவைகள், 2024 ஆகஸ்டில் 156 கலவைகள் என்று தடை தொடர்ந்தது. நாம் பேசும் டாம்சுலோசின், டியூட்டாஸ்டரைடு கூட்டு அந்த ரகம் கிடையாது. அதற்கு மேலே சொன்ன ஆய்வின் ஆதாரம் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். ஒரே கம்பெனி ஒரே பெயரின் பின்னால் ஓர் எழுத்தை மாற்றி ஒட்டி, உள்ளே வேறு மருந்தை வைத்து விற்கும். ஒன்றில் சுரப்பியைச் சுருக்கும் மருந்து இருக்கும். இன்னொன்றில் அவசரத்தை அடக்கும் டோல்டெரோடின் அல்லது சோலிஃபெனசின் இருக்கும். இந்தப் பின்னது சிறுநீர்ப்பையின் தசையை அடக்குவது. நீர் போன பிறகும் பையில் நிறைய மிச்சம் நிற்கிறவருக்கு அதை மாற்றிக் கொடுத்தால் நீர் மொத்தமாக அடைத்துக்கொள்ளலாம். கடையில் அட்டை மாறினால் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கம் உள்ள மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் படித்துப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். சிவப்புக் கோடு போட்ட அட்டையைச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

இப்போது மஞ்சப்பையைக் கவிழ்ப்போம்.

முதலில் பிரஷர் மாத்திரை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021லிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல காரியம். ஆனால் மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்ணிடம் புராஸ்டேட் மாத்திரையைப் பற்றி எத்தனை பேர் சொல்லியிருப்பீர்கள்? ஆல்ஃபா பிளாக்கர் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பிரஷருக்கென்று கொடுக்கும் பிராசோசின் இருக்கிறதே, அதுவும் ஆல்ஃபா பிளாக்கர்தான். ஒரு டாக்டர் பிரஷருக்கு, இன்னொரு டாக்டர் புராஸ்டேட்டுக்கு என்று ஒரே வகை மருந்தை இரண்டு முறை எழுதிவிடும் வாய்ப்பு உண்டு. அதோடு, சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சைலோடோசின் அளவைக் குறைக்க வேண்டும், மிகவும் பழுதானால் கொடுக்கவே கூடாது. கிரியாட்டினின் ரிப்போர்ட்டை யூராலஜி டாக்டரிடமும் காட்டுங்கள்.

இரண்டாவது, பையின் அடியில் ஒளித்து வைத்திருக்கும் மாத்திரை. சில்டெனாஃபில், டடாலாஃபில். சிரிக்க வேண்டாம், இதைச் சொல்லாமல் மறைத்தவர்கள்தான் மயங்கி விழுகிறார்கள். ஆல்ஃபா பிளாக்கரோடு சேரும்போது அழுத்தம் திடீரென்று இறங்கும். டாக்டருக்குத் தெரிந்தால் அளவைக் குறைத்து, முறைப்படுத்தித் தர வழியுண்டு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை வைத்திருப்பவர்கள் மட்டும் இந்த மாத்திரைப் பக்கமே போகக் கூடாது.

மூன்றாவது, படர்தாமரை மாத்திரை. இரண்டு மழைக்காலம் உள்ள நம் ஊரில் தோல் காய்வதே கஷ்டம், படர்தாமரை விடாது. அதற்குக் கொடுக்கும் இட்ராகோனசோல், டாம்சுலோசினும் சைலோடோசினும் ஆல்ஃபுசோசினும் ஈரலில் கரைவதைத் தடுத்துவிடும். ஒரு மாத்திரை சாப்பிட்டால் பல மாத்திரை சாப்பிட்ட அளவு ரத்தத்தில் ஏறும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இதே வேலையைச் செய்யும். தோல் டாக்டருக்குப் புராஸ்டேட் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். சொல்லத்தான் வேண்டும்.

நான்காவது, சளி மாத்திரை. கடையில் கேட்டு வாங்குவது. அதில் இருக்கும் குளோர்ஃபெனிரமைன் சிறுநீர்ப்பையைச் சோர வைக்கும். மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் ஃபினைல்எஃப்ரின் புராஸ்டேட் தசையை இறுக்கும். ஆல்ஃபா பிளாக்கர் செய்வதற்கு நேர் எதிரான வேலை. பருத்த புராஸ்டேட் உள்ளவர் ஐப்பசி மழையில் சளி பிடித்து இதை இரண்டு வேளை போட்டால், மறுநாள் அடிவயிறு வீங்கி, நீர் சொட்டாமல், ட்யூப் போட ஓட வேண்டி வரலாம்.

ஐந்தாவது, பொடியும் கஷாயமும். ஆசான்மார் வழி வைத்தியமும் சித்தமும் ஆயுர்வேதமும் இந்த மண்ணில் வேர்விட்டவை. கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியே இருக்கிறது. யாரிடமும் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே போகும்போது இங்கிலீஷ் மருந்தின் சீட்டைக் காட்டுங்கள், இங்கே வரும்போது பொடியின் பெயரைச் சொல்லுங்கள். நீர் பிரியக் கொடுக்கும் கஷாயமும் பிரஷர் மாத்திரையும் ஆல்ஃபா பிளாக்கரும் மூன்றும் அழுத்தத்தை ஒரே பக்கம் இழுத்தால் தலை சுற்றும். இன்னொன்றும் சொல்கிறேன். ஆன்லைனில் விலை கொடுத்து வாங்கும் 'சா பால்மெட்டோ' என்ற அமெரிக்கப் பழச்சாறு மாத்திரை, 2006லும் 2011லும் வந்த இரண்டு நல்ல ஆய்வுகளில் வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை.

தலைசுற்றலை நம் ஊரில் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்த மாவட்டத்தில் இன்னும் பனை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். விடியலுக்கு முன் நெற்றி விளக்கோடு ரப்பர் தோட்டச் சரிவில் பால் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆல்ஃபா பிளாக்கர் ஆரம்பித்த முதல் நாட்களில் மரத்தில் ஏற வேண்டாம், தலைசுற்றல் இல்லை என்று உறுதியானபின் போகலாம். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. மாத்திரையைக் கணக்கிட்டு எடுத்துப் போங்கள். பல நாள் விட்டுப்போனால் திரும்ப ஆரம்பிக்கும் மாத்திரையை முதல் மாத்திரையாகவே நினைத்துக்கொள்ளுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரண்டாக முழுங்கக் கூடாது. வீட்டில் இருப்பவர்கள் ராத்திரி எழும்போது கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பிறகு எழுந்து நடங்கள். டாம்சுலோசின் உள்ள குப்பியைத் தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கழித்து, உடைக்காமல் மெல்லாமல் முழுதாக விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் தலைசுற்றல் அதிகம்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது இனி வருவது. பேறுகாலத்துக்கு வந்திருக்கும் மகள்தான் அப்பாவின் மாத்திரையைப் பெட்டியில் அடுக்கி வைப்பாள். டியூட்டாஸ்டரைடு குப்பி ஒழுகியிருந்தால் அதைக் கர்ப்பிணி தொடக் கூடாது, தோல் வழியாகவே உள்ளே போகும். வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். சலினாஸ் குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபினாஸ்டரைடு மாத்திரையையும் உடைத்த நிலையில் தொடக் கூடாது. இதே காரணத்தால், டியூட்டாஸ்டரைடு சாப்பிடுகிறவர் நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை ரத்ததானம் செய்யக் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். மகன் முடி உதிர்வுக்கென்று சாப்பிடும் மாத்திரையும் ஃபினாஸ்டரைடாக இருக்கலாம், அளவு மட்டும் ஒரு மில்லிகிராம். அப்பா அட்டையிலிருந்து மகனும், மகன் அட்டையிலிருந்து அப்பாவும் எடுக்க வேண்டாம்.

கண்புரை ஆபரேஷனுக்குத் திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ இங்கே நாகர்கோவிலிலோ போகிறவர்கள், டாம்சுலோசின் சாப்பிடுகிறேன், அல்லது முன்பு சாப்பிட்டேன் என்று கண் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்ணின் கருவிழிப்படலம் தளர்ந்து ஆபரேஷனுக்கு இடைஞ்சல் செய்வதை அமெரிக்காவில் சாங், கேம்ப்பெல் என்ற இருவர் 2005இல் கண்டறிந்தார்கள். நான்கு நாளுக்கு முன் நிறுத்திவிட்டுப் போனால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். சொன்னால் டாக்டர் தயாராக இருப்பார்.

எல்லாவற்றிலும் அதிகம் தவறிப்போவது, புராஸ்டேட் புற்று இருக்குமா என்று பார்க்க எடுக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை. சுருக்கும் மருந்து ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் அந்த எண்ணைப் பாதியாகக் குறைத்துவிடும். ரிப்போர்ட்டில் 3 என்று வந்தால் அதை 6 என்று கொள்ள வேண்டும். மருந்தைப் பற்றித் தெரியாத இடத்தில் அந்த 3ஐப் பார்த்து 'நார்மல்' என்று அனுப்பிவிடுவார்கள், உள்ளே புற்று இருந்தால் அது மறைந்துகொள்ளும். ஆகவே மருந்து ஆரம்பிக்கும் முன் ஒரு பிஎஸ்ஏ எடுத்து வையுங்கள். மருந்து சாப்பிடும்போது அந்த எண் ஏறினால், சிறிய ஏற்றமாக இருந்தாலும், யூராலஜி டாக்டர் பார்க்க வேண்டும். தீவிரமான வகைப் புற்று சற்று அதிகம் காணப்பட்டதாக அமெரிக்க மருந்துத் துறை 2011இல் இந்த வகை மருந்துகளுக்கு எச்சரிக்கையும் சேர்த்தது. பயந்து நிறுத்தச் சொல்லவில்லை, கண்காணிப்போடு சாப்பிடச் சொல்கிறேன்.

இந்த மருந்துகளால் ஆண்மைக் குறைவு, விந்து வராமை, மார்பு வீக்கம், மனச்சோர்வு ஆகியவையும் வரலாம். இரண்டு மருந்து சேரும்போது விந்து சம்பந்தமான தொல்லை கூடும். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் காட்ட வேண்டும். இதையெல்லாம் மனைவியிடம்கூடச் சொல்லாமல் மாத்திரையை ரகசியமாக நிறுத்துகிறவர்கள் உண்டு. டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து இருக்கிறது.

கூட்டு மருந்து ஆயுளுக்கும் இரண்டாகவே இருக்க வேண்டும் என்பதும் கிடையாது. இரண்டையும் 24 வாரம் சாப்பிட்டபின் டாம்சுலோசினை மட்டும் நிறுத்திய ஓர் ஆய்வில், நூற்றுக்கு 77 பேர் தங்கள் நிலை அப்படியே இருக்கிறது அல்லது மேல் என்றார்கள். தொல்லை கடுமையாக இருந்தவர்களுக்கு மட்டும் நிறுத்தியது அவ்வளவாக ஒத்துவரவில்லை. ஆகவே ஒன்பது மாதமோ ஒரு வருஷமோ கழித்து, 'இதில் ஒன்றைக் குறைக்கலாமா?' என்று கேட்பது உங்கள் உரிமை. தானாகக் குறைத்துக்கொள்வது அந்த உரிமையில் சேராது. ஒரே குப்பியில் இரண்டும் அடைத்திருந்தால் ஒன்றை மட்டும் நிறுத்த முடியாது, டாக்டர் தனி மாத்திரைக்கு மாற்றித் தர வேண்டும்.

சிறுநீரில் ரத்தம், குளிரோடு காய்ச்சல், மயங்கி விழுதல், நீர் முழுதாக அடைத்தல் — இந்த நான்கில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ பக்கத்தில் எது திறந்திருக்கிறதோ, அங்கே போய்விடுங்கள். மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

வீட்டுக்குப் போனதும் இன்று ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தாள் எடுத்து, நீங்கள் வாயில் போடும் எல்லாவற்றின் பெயரையும் எழுதுங்கள். சீட்டில் உள்ளது, கடையில் கேட்டு வாங்கியது, மகன் வளைகுடாவிலிருந்து அனுப்பியது, ஆசான் தந்தது, யாரிடமும் சொல்லாதது, எல்லாமே. எதிரே எந்த டாக்டர் எழுதினார், எப்போது ஆரம்பித்தது என்று குறியுங்கள். அதை இரண்டு படி எடுத்து ஒன்றைப் பையிலும் ஒன்றைப் பர்ஸிலும் வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அவர் கேட்கும் முன் அந்தத் தாளை மேஜை மேல் வையுங்கள். இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். கூட்டத்தில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பலாம், பெயர் போட வேண்டாம்.